பத்துமலை: படிகளுக்கு முந்திய மலை

கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், சமவெளியின் நடுவே மதில் எழுப்பினாற்போல் செங்குத்தாக உயர்ந்து நிற்கும் பத்துமலையை, நம்மவர்களில் பெரும்பாலோர் அதன் 272 படிகளின் வழியாக மட்டுமே அறிந்திருக்கிறோம். தைப்பூசத்தன்று ஜனசமுத்திரத்தில் ஒரு துளியாக ஏறி, வேலவனைத் தரிசித்து, திருநீறு பூசி இறங்கியதும் மலையைக் கண்டுவிட்டதாக எண்ணி வீடு திரும்புகிறோம். அந்தப் படிகளுக்கு முன்பே, பாதை என்று ஒன்று இல்லாத காலத்திலேயே, நம் முன்னோர் அந்தப் பாறையோடு கொண்டிருந்த உறவு நம் சந்ததியாரின் நினைவிலிருந்து நழுவிப் போவதை நான் வருத்தத்தோடு காண்கிறேன்.

மலை பிறந்த கதை கடலில் தொடங்குகிறது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பிரதேசம் ஆழமற்ற வெப்பக் கடலாக இருந்தபோது, அதில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் அடுக்கடுக்காய்ப் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல்லாயின. பின்னர் பூமியின் அசைவுகளால் அது மேலெழும்ப, யுகயுகமாகப் பெய்த மழைநீர் கரைத்துக் குடைந்த வெற்றிடங்களே இன்று நாம் கோயில் கொண்டிருக்கும் குகைகள். மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த தேசங்களின் மலைகளும் பெரும்பாலும் இந்தக் கல்லின் ஜாதியே. ஆயினும் அங்கே கோடை வறண்டு, மண் மெலிந்து, வெண்மையான பாறைச் சரிவுகள் வெயிலில் வெறுமையாய்க் கிடக்க, இங்கோ இடையறாத மழையும் வெம்மையும் கல்லை நேர்க்குத்தாக அறுத்து, அதன் தலைமீது பசுங்காட்டை வளர்த்திருக்கின்றன. சுபாவத்தில் இவ்வளவு வேற்றுமை இருந்தும் மனித சிரத்தை இரண்டிடத்தும் ஒரே வழியில் சென்றிருப்பது விந்தைக்குரியது. இத்தாலியின் கிழக்குக் கரையில் அட்ரியாட்டிக் கடலுக்குள் நீண்டிருக்கும் கார்கானோ என்னும் சுண்ணாம்புமலையில், அதிதூதர் மிக்கேலுக்கு உரிய குகைக்கோயிலை நாடி நூற்றாண்டுகள் பலவாக யாத்திரிகர் நடந்து ஏறியிருக்கின்றனர். குகையைக் கண்ட மனிதன் அதனைக் கருவறையாகக் காண்பதற்குச் சமயமோ தேசமோ தடையாக இருந்ததில்லை போலும்.

இம்மலையை முதலில் அறிந்தவர்கள் தெமுவான் பழங்குடியினர். குகைகளை அவர்கள் வேட்டைக்காலத் தங்குமிடமாகக் கொண்டிருந்தார்கள். 1860-களில் வந்த சீனக் குடியேறிகள், வௌவால் எச்சத்தைத் தங்கள் காய்கறித் தோட்டங்களுக்கு உரமாக அள்ளிச் சென்றார்கள். 1878-ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்னடே என்னும் அமெரிக்க விலங்கியல் அறிஞரும், சிலாங்கூர்ப் போலீஸ் அதிகாரி சையர்ஸ் முதலானோரும் குகைகளைக் கண்டு எழுதிய பின்னரே வெளியுலகம் அவற்றைப் பற்றிக் கேள்வியுற்றது. அதனைக் 'கண்டுபிடிப்பு' என்று ஏடுகள் கூறுவதை நாம் ஏற்போமாயின், அங்கே ஏற்கெனவே அடுப்பு மூட்டி வாழ்ந்த தெமுவான் மக்களுக்கு அநீதி செய்தவர்களாவோம்.

தமிழர் இங்கே வந்து சேர்ந்த வழியை அறியக் கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் தொடங்க வேண்டும். 1880-களின் தொடக்கத்தில் தீயும் வெள்ளமும் அத்தாப்பு வேய்ந்த கோலாலம்பூரை அழித்தபின், வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டுமென்று சிலாங்கூரின் பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம் ஆணையிட, அதற்கான சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886-இல் கிள்ளான் பக்கமிருந்து கோலாலம்பூருக்கு இரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் இட்ட தமிழகத் தொழிலாளரும், நிலையங்களிலும் அலுவலகங்களிலும் கணக்கெழுதிய யாழ்ப்பாணத்தாரும் அந்தச் செங்கற்சூளைப் புறத்திலேயே இரயில்வே குவார்ட்டர்ஸ்களில் குடியேறினார்கள். சுற்றிலும் முதலில் காப்பித் தோட்டங்களும், பின்னர் பால்மரக் காடுகளும் விரிந்தன. லயங்களில் நம் ஜனங்கள் நிறைந்தார்கள். ஊரை விட்டு வந்த அவர்களுக்கு அன்னத்தை இந்த மண் அளித்தது. ஆயினும் குன்றுதோறும் ஆடும் குமரனுக்கு ஒரு குன்று மட்டும் குறையாக இருந்தது.

அக்குறையைத் தீர்த்தவர் கே. தம்புசாமிப் பிள்ளை. 1850-இல் சிங்கப்பூரில் பிறந்து, அரசாங்க உத்தியோகத்திலும் பின்னர் ஈயச் சுரங்கத் தொழிலிலும் உயர்ந்து, விக்டோரியா கல்விக்கூடத்தின் ஸ்தாபகர்களுள் ஒருவராகவும் விளங்கிய அவர், 1873-இல் கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்தவர். மலைக்குகையின் வாயில் வேலின் வடிவாகத் தோன்றியது கண்டு அவர் உள்ளம் உருகியதென்பது வழிவழி வந்த செய்தி. 1890-ஐ ஒட்டி அங்கே முருகனைப் பிரதிஷ்டை செய்தார். 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. 1902-இல் அவர் காலமானபோது, தாம் ஏற்றிவைத்த தீபம் ஒரு தேசத்தின் திருவிழாவாக வளருமென்று எண்ணியிருப்பாரோ, அறியோம்.

நான் வாசகர்களைச் சற்றே நிறுத்திச் சிந்திக்க வேண்டுவது இதன்பின் வந்த காலத்தைத்தான். மரப்படிகள் அமைந்தது 1920-இல். அதற்கு முந்திய 28 ஆண்டுகளும் முருகனைக் காணச் சென்றவன் உண்மையிலேயே மலையேறினான்: தோட்டத்து வேலை முடித்து, கையில் பால்குடமும் தோளில் காவடியுமாக, வெறுங்காலோடு, கூரிய சுண்ணாம்புப் பாறையின் விளிம்புகளையும் மழையில் வழுக்கும் வேர்களையும் பற்றிக்கொண்டு, குகைவாயிலை அடைந்து, ஏறத்தாழ நூறு மீட்டர் உயர்ந்த விதானத்தின் துளை வழியே விழும் வெளிச்சத்தில் ஆண்டவனைக் கண்டான். மலையேறுதலை வெறும் உல்லாசமாக மட்டும் கருதுவோர், அந்தத் தொழிலாளியின் ஏற்றத்தையும் அக்கலையின் சரித்திரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மரப்படி போய்க் கான்கிரீட் படி வந்தது, 2006-இல் 42.7 மீட்டர் உயரமுள்ள பொன்வண்ண முருகன் அடிவாரத்தில் எழுந்தருளினார். 2010 முதல் மின்சார இரயிலே அடிவாரம்வரை வருகிறது. முதியோரும் குழந்தைகளும் எளிதாகத் தரிசிக்க உதவும் இவ்வசதிகளை நான் குறைகூறேன்.

ஆனால் கல்லுக்கு நேர்ந்ததையும் சொல்லத்தான் வேண்டும். நகரம் வளர வளரச் சுண்ணாம்புக்கல் விலைப்பொருளாயிற்று. பத்துமலையின் ஒரு பக்கம் கல்லுடைப்பாருக்கு இரையாகி, வெடிமருந்தால் சிதைந்து, எதிர்ப்புக் குரல்கள் எழுந்த பின்னர் 1980-களின் தொடக்கத்தில்தான் அது நின்றது. 2012-இல் மலையருகே 29 மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்ப முற்பட்டபோது, பக்தரும் இயற்கை ஆர்வலரும் ஒருங்கே திரண்டு மறுத்தனர். அந்த ஒற்றுமையே எனக்குப் பெருமிதம் தருவது. ஏனெனில், கோயிற்குகைக்கு அருகிலுள்ள இருட்குகையில், இம்மலையின் பெயரையே தன் விஞ்ஞானப் பெயரில் தாங்கிய, பொறிக்கதவு அமைத்து வாழும் அபூர்வச் சிலந்தி இருக்கிறது. பல கோடி ஆண்டுகளாக அதிகம் மாறாத தொல்குலத்தைச் சேர்ந்த அந்த உயிரும் இப்பாறையை நம்பியே வாழ்கிறது. குன்றைக் காப்பவன் இறைவனின் இருப்பிடத்தையும் எளிய உயிரின் இருப்பிடத்தையும் ஒருசேரக் காக்கிறான்.

 

இன்று மலையின் மறுபுறச் சுவர்களில் கயிறு கட்டிப் பாறையேறும் இளைஞர்களைக் காணலாம். அவர்களுள் தமிழ்ப் பிள்ளைகள் இன்னும் அதிகமாகச் சேர வேண்டுமென்பது என் ஆசை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம்: திருவிழாக் கூட்டமில்லாத ஒரு காலைப்பொழுதில் உங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள், தரிசனம் முடிந்த பின்னர், படியிறங்கி நேரே உணவகத்துக்குச் செல்லாமல், மலையடிவாரத்தில் சற்று நடந்து, பாறையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கல்லுடைத்த தழும்பையும் காட்டுங்கள்.