சீசாவின் முதுகில் ஓர் எண்

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் வாலாஜாபாத்தில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். டாக்டர் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். சிவப்புத் தண்ணீர் நிரம்பிய சீசாவோடு வெளியே வருவார். அதன் பக்கத்தில், பல்லுப் பல்லாய் வெட்டிய ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். ஒரு பல் ஒரு வேளைக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று என் தாயார் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் அந்த மனிதரை அவமதித்ததாகும் என்று நினைத்தாளோ என்னவோ!

இப்படிக் கேளாமல் குடித்ததன் சரித்திரம் ஒன்று உண்டு. 1937ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ஒரு கம்பெனி சல்ஃபானிலமைடு என்னும் மருந்தைத் தித்திப்பான திரவமாக்கி விற்றது. மாத்திரையைக் கரைப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது டை எதிலீன் கிளைகால். நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், ருசி பார்த்தார்கள். விஷமா என்று மட்டும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்று அந்நாட்டுச் சட்டமும் அப்போது சொல்லவில்லை. நூற்றைந்து பேர் மாண்டார்கள். அவர்களில் முப்பத்துநான்கு பேர் குழந்தைகள். சர்க்கார் இன்ஸ்பெக்டர்கள் கடை கடையாக ஏறி இறங்கி, விற்பனைச் சீட்டுகளைப் புரட்டி, யார் வீட்டுக்கு எந்தச் சீசா போயிற்று என்று தேடினார்கள். சீட்டு இருந்த இடத்தில் சீசா அகப்பட்டது. சரக்கைப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் கிடைத்த காரணந்தான் வேடிக்கை: 'எலிக்ஸிர்' என்றால் சாராயம் கலந்திருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகையால் பெயர் தவறு! மறு வருஷமே அங்கே புதிய சட்டம் பிறந்தது.

நம் நாட்டில் கர்னல் சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் கமிட்டி அமைந்தது 1930ல். சட்டம் வந்தது 1940ல், விதிகள் 1945ல், பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்ற பார்மஸி சட்டம் 1948ல். ஆனாலும் அதே விஷம் 1972ல் சென்னையில் குழந்தைகளைக் கொண்டு போயிற்று. 1986ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் கிளிசரினோடு கலந்து வந்து பதினான்கு பேரைப் பலி வாங்கிற்று.

2025ல் அது எங்கள் வாசலிலிருந்தே புறப்பட்டது. வாலாஜாபாத்திலிருந்து பஸ் ஏறினால் சுங்குவார்சத்திரம் அதிக தூரமில்லை. அங்கே காய்ச்சிய 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் மருந்து மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா ஜில்லாவுக்குப் போயிற்று. ஜலதோஷத்துக்கு மருந்து குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது. இருபதுக்கு மேற்பட்டவை இறந்தன. அக்டோபர் முதல் வாரத்தில் தமிழ்நாட்டு அதிகாரிகள் எஸ்.ஆர். 13 என்ற எண்ணிட்ட சரக்கைச் சோதித்தார்கள். டை எதிலீன் கிளைகால் நூற்றுக்கு 48.6 பங்கு! அநுமதி, நூற்றில் ஒன்றில் பத்தில் ஒரு பங்கு. அந்த மாதமே தொழிற்சாலையின் லைசென்ஸ் ரத்தாயிற்று.

செய்தி படித்த இரவு என் மகளின் இருமல் மருந்தை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வேறு கம்பெனி. இருந்தாலும் மனம் ஆறவில்லை. எண் அச்சிட்ட இடத்தில் மருந்து வழிந்து பிசுபிசுத்து, எழுத்து அழிந்திருந்தது. பில் எங்கே? "பில்லெல்லாம் வேண்டாம், அவசரம்" என்று கடையில் சொல்லிவிட்டு வந்தவன் நான்தான்.

மறுநாள் காலை அந்தக் கடைக்குப் போனேன். மருந்தாளுநர் இளைஞர். சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பார்த்துத் தெரியாதா?" என்றேன்.

"தெரியாது ஸார். அதுவும் தண்ணி மாதிரிதான் இருக்கும், தித்திப்பாத்தான் இருக்கும். லாபரேட்டரிக்குத்தான் தெரியும். என்கிட்ட இருக்கிறது இந்த நம்பரும் பில்லுந்தான். கம்பெனி திருப்பிக் கேட்டா, யாருக்குக் கொடுத்தேன்னு நான் சொல்லணுமே!"

அழிந்த சீசாவை வாங்கித் தனியே வைத்தார். கொள்முதல் பில்களைப் புரட்டி, அந்த மருந்து எந்த எண்ணில் வந்திருந்தது என்று ஒவ்வொன்றாக வாசித்தார். மூன்று எண்கள். என் மகள் குடித்தது அவற்றுள் எது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.