அரைப் பென்னி சூப்

கிழக்கு லண்டனின் சேரிகளில் 1865-இல் வில்லியம் பூத், கேத்தரின் பூத் தம்பதியர் தொடங்கிய ஊழியம், 1878-இல் படைப் பதவிப் பெயர்களை ஏற்று இரட்சணிய சேனை, அதாவது மீட்புப் படை, என்று பெயர் மாறியபோது, பசித்த வயிற்றுக்குப் பிரசங்கம் ஏறாது என்பதை அதன் தொண்டர்கள் பட்டறிந்திருந்தனர். 1887-இல் லண்டன் பாலத்தில் குளிரில் ஒடுங்கிக் கிடந்தவர்களைக் கண்ட பூத், ஏதேனும் செய்தாக வேண்டும் என்று மகன் பிராம்வெல்லை வற்புறுத்தியதன் விளைவாக, மறு ஆண்டே துறைமுகத்தை ஒட்டிய லைம்ஹவுஸில் உணவுக்கூடமும் இரவுத் தங்குமிடமும் திறக்கப்பட்டன.

அங்கே ஒரு கிண்ணம் சூப் அரைப் பென்னி, ரொட்டியோடு ஒரு பென்னி. சிறுவருக்கு ஒரு ஃபார்த்திங், அதாவது பென்னியில் கால் பங்கு. நான்கு பென்னி கொடுத்தால் இரவு உணவு, படுக்கை, காலை உணவு மூன்றும் கிடைத்தன. இலவசம் மனிதனைத் தாழ்த்திவிடும் என்று பூத் கருதியதே இந்த விலைக்குக் காரணம். அன்றைய ஆங்கிலேய மேட்டுக்குடியின் எண்ணமும் ஏறத்தாழ இதுவே என்றாலும், பூத் அத்துடன் நின்றுவிடாமல், காசில்லாதவர் சேனையின் தொழிற்கூடத்தில் உழைத்து உணவு பெற வழிசெய்தார்.

இந்தியாவுக்கு 1882-இல் பம்பாய் வழியாக வந்த இச்சேனையின் மருத்துவமனை ஒன்று, நாகர்கோவிலில் கேத்தரின் பூத்தின் பெயரில் இயங்கி வருகிறது.