பறவைத் தீனி தின்ற பையனும், ஊசி போடப் பழகிய பிள்ளைகளும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவள்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். "டீச்சர், பையனுக்கு ஏழு வயசு. டைப் 1 சர்க்கரைன்னு சொல்லிட்டாங்க. தினம் நாலு ஊசி. ஊசியைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிறான். ரெண்டு பேர் பிடிச்சு அமுக்கித்தான் போடுறோம். போட்டு முடிச்சா அவனும் அழறான், அவன் அம்மாவும் அழறா. என்ன செய்யறது?"

நான் டாக்டர் இல்லை. எத்தனை யூனிட், எப்போது என்பதெல்லாம் அவர்கள் சொல்ல வேண்டியது. நான் சரித்திர டீச்சர். எனக்குத் தெரிந்த வழியில்தான் பதில் தேடினேன். இந்த நோய் வந்த பிள்ளைகளை ஊசிக்கும் சோதனைக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுக்கும் பழக்க, நூறு வருஷமாகப் பெரியவர்கள் என்னென்ன செய்து பார்த்திருக்கிறார்கள்? இது மருந்தின் வரலாறு மட்டுமில்லை, பிள்ளைகளைப் புரிந்துகொண்ட வரலாறும்கூட.

1922-க்கு முன்னால் இந்த நோய் வந்த குழந்தை பிழைக்க வழி கிடையாது. நியூயார்க்கில் பிரெடெரிக் ஆலன் என்ற மருத்துவர் 1914 வாக்கில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். பட்டினி. நாளைக்கு 400, 500 கலோரி. காய்கறியை மூன்று தடவை வேகவைத்து, சத்தையெல்லாம் வடித்துவிட்டுக் கொடுப்பார்கள். குணமாவதற்கு அல்ல, சாவைச் சில மாதங்கள், முடிந்தால் ஒன்றிரண்டு வருஷங்கள் தள்ளிப்போட. ஆலனைக் கொடுமைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் வேறு ஒன்றும் இல்லை.

அவருடைய நோயாளிகளில் 12 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நோயினால் கண் பார்வையும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் முழு நேரக் கண்காணிப்பு. அப்படியும் அவன் சிறுநீரில் சர்க்கரை வந்துகொண்டே இருந்தது. யாருக்கும் காரணம் புரியவில்லை. கடைசியில் கண்டுபிடித்தார்கள். பையன் பற்பசையைத் தின்றிருக்கிறான். கூண்டில் வளர்த்த பறவைக்கு வைத்த தீனியைத் தின்றிருக்கிறான். கண் தெரியாத பிள்ளை, இவனால் என்ன எடுத்துவிட முடியும் என்று எல்லோரும் நினைத்ததே அவனுக்கு வசதியாகப் போயிற்று.

இந்தச் சம்பவத்தை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காவல் போட்டு ஒரு குழந்தையை ஒத்துழைக்க வைக்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

1922 ஜனவரி 11. கனடாவின் டொரொன்டோ நகரில் லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அவன் எடை 30 கிலோகூட இல்லை. மருந்து சரியாகச் சுத்தமாகவில்லை, போட்ட இடம் பழுத்துவிட்டது. காலிப் என்ற விஞ்ஞானி இன்னும் சுத்தப்படுத்திக் கொடுத்ததை ஜனவரி 23-ல் போட்டார்கள். அது வேலை செய்தது. அதே வருஷம் ஜூலையில் டெடி ரைடர் என்ற ஐந்து வயதுப் பையன் வந்தான், எடை சுமார் 12 கிலோ. நம் வீட்டு இரண்டு வயதுக் குழந்தையின் எடை. அடுத்த வருஷம் அவன் டாக்டர் பாண்டிங்குக்குக் கடிதம் எழுதினான், தான் குண்டாகிவிட்டதாகவும் மரம் ஏறுவதாகவும்.

ஆகஸ்டில் வந்தவள் எலிஸபெத் ஹியூஸ். அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். 15 வயது நிறைய மூன்று நாள் இருந்தது, எடை சுமார் 20 கிலோ. மூன்று வருஷத்துக்கு மேல் ஆலனின் பட்டினியில் உயிரைப் பிடித்து வைத்திருந்தவள். அந்தக் காலத்து இன்சுலின் லேசில் உடம்பில் ஏறாது. நிறைய போட வேண்டும், போட்ட இடம் வலிக்கும், வீங்கும். அவளோ சீக்கிரமே தன் ஊசியைத் தானே போடக் கற்றுக்கொண்டாள். என்ன சாப்பிட்டேன், எவ்வளவு எடை ஏறியது என்று அம்மாவுக்குக் கடிதம் மேல் கடிதம். ரொட்டி சாப்பிட்டதெல்லாம் அவளுக்குத் திருவிழா.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டினியும் சிகிச்சைதான், ஊசியும் சிகிச்சைதான். ஊசிக்குப் பின்னால் பசி தீரச் சாப்பாடு வருகிறது, ஓட முடிகிறது என்று அவளுக்கே தெரிந்தது. உங்கள் ஏழு வயதுப் பையனுக்கு அது தெரியாது. ஊசி போடாவிட்டால் என்ன ஆகும் என்பது அவன் கண்ணுக்குத் தெரியாத விஷயம். வலி மட்டும்தான் தெரிகிறது.

இன்சுலின் வந்த பிறகு வேலை வீட்டுக்கு வந்துவிட்டது. கண்ணாடி சிரிஞ்ச், ஊசி இரண்டையும் தினமும் கொதிக்க வைக்க வேண்டும். ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவதால் முனை மழுங்கிவிடும், கல்லில் தீட்டிக்கொள்வார்கள். (நினைத்தாலே எனக்குக் கூசுகிறது.) சோதனைக்கு ரத்தம் இல்லை, சிறுநீர்தான். பிளஸ் டூ லேப் ஞாபகம் இருக்கிறதா, பெனடிக்ட் கரைசல்? சோதனைக் குழாயில் அதை ஊற்றிச் சில சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால், நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறம் வந்தால் நிறைய சர்க்கரை.

பாஸ்டன் நகரத்தில் எலியட் ஜாஸ்லின் என்ற மருத்துவர் இருந்தார். நோயாளிக்கும் வீட்டாருக்கும் கற்றுக்கொடுப்பதே பாதி வைத்தியம் என்று நம்பியவர். 1918-லேயே நோயாளிகள் படிக்க ஒரு கையேடு எழுதினார். நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள பிரிஸில்லா ஒயிட் என்ற பெண் மருத்துவர் 1924-ல் அவரோடு சேர்ந்தார். அடுத்து முகாம்கள் வந்தன. 1925-ல் மிச்சிகனில் ஒரு மருத்துவர் இந்தப் பிள்ளைகளுக்காகவே கோடை முகாம் நடத்தினார். 1932-ல் மாசசூசெட்ஸில் கிளாரா பார்ட்டன் பிறந்த வீட்டில் பெண் குழந்தைகளுக்கு ஒரு முகாம் தொடங்கியது.

என்னைக் கேட்டால், இன்சுலினுக்கு அடுத்த கண்டுபிடிப்பு இந்த முகாம்தான். வீட்டில், தெருவில், பள்ளியில் தான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்திருந்த குழந்தை அங்கே போய்ப் பார்க்கிறாள், எல்லோரும் காலையில் எழுந்து வரிசையாக ஊசி போட்டுக்கொண்டு நீச்சலுக்கு ஓடுகிறார்கள். அம்மா ஆறு மாதம் கெஞ்சி நடக்காதது, பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பார்த்து ஆறு நாளில் நடக்கும். வாத்தியார் சொல்லிப் புரியாத கணக்கு, பெஞ்சில் பக்கத்தில் இருப்பவன் சொன்னால் புரிவதை நான் முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஜாஸ்லின் வழியில் ஒரு முள்ளும் இருந்தது. அவர் கண்டிப்பானவர். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் நல்ல நோயாளி, இல்லாவிட்டால் ஒழுக்கக் குறைவு என்ற தொனி அந்தக் காலத்து வைத்தியம் முழுக்க இருந்தது. நல்ல ரிசல்ட், கெட்ட ரிசல்ட் என்றே பேசுவார்கள். பிள்ளைகள் என்ன செய்தார்கள்? சிறுநீரில் தண்ணீர் கலந்தார்கள். சோதனை செய்யாமலே நோட்டில் 'நீலம்' என்று எழுதினார்கள். 1980-களில் எண்களை நினைவில் வைத்துக்கொள்ளும் ரத்தச் சோதனைக் கருவி வந்தது. நோட்டையும் கருவியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நோட்டில் இருந்த எண்கள் பல கருவியில் இல்லவே இல்லை. ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தாங்களே போட்ட என் அருமை மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யார் யாரென்று எனக்கு அப்போதே தெரியும்.

இதை முன்னாலேயே புரிந்துகொண்ட ஒருவர் ஜெர்மனியில் இருந்தார். கார்ல் ஷ்டோல்ட்டே, குழந்தை மருத்துவர். ப்ரெஸ்லாவ் நகரத்துக்காரர். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. 1920-களின் கடைசியில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பிள்ளை பசிக்குச் சாப்பிடட்டும், அதற்குத் தக்கபடி சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலினைக் கூட்டிக் குறைத்துப் போடுவோம். இன்சுலினுக்காகப் பிள்ளையை வளைக்காமல், பிள்ளைக்காக இன்சுலினை வளைப்பது. மற்ற மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர் உயிரோடு இருந்தவரை அந்தக் கருத்து பெரிதாக எடுபடவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து டூசல்டார்ஃபில் மிகாயேல் பெர்கர் என்ற மருத்துவர் அதைத் தூசி தட்டி எடுத்தார். இன்று உங்கள் டாக்டர் சாப்பாட்டின் மாவுச்சத்தைக் கணக்குப் போட்டு ஊசி போடச் சொல்கிறாரே, அதன் வேர் அங்கே இருக்கிறது. (அதற்காக நாளைக்கே வீட்டில் இஷ்டம்போல் மாற்றிவிடாதீர்கள். கணக்கை டாக்டரிடம் கற்றுக்கொண்ட பிறகுதான்.)

இந்த மெனக்கெடல் எல்லாம் எதற்கு என்பதற்கு 1993-ல் பதில் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வு. 13 வயதுப் பிள்ளைகள்கூட அதில் இருந்தார்கள். சர்க்கரையை நன்றாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து கூடியது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. ஆக, ஊசி தவறக்கூடாது. அதில் பேரம் இல்லை.

பேரம் இல்லை என்றால் மறுபடி இரண்டு பேர் பிடித்து அமுக்குவதா? இல்லை, பிள்ளை கையிலேயே கொடுத்துவிடுவதா? இரண்டாவதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 'பெரிய பையன் ஆகிட்டான், அவனே பார்த்துக்குவான்' என்று விட்ட வீடுகளில் பதின்ம வயதில் சர்க்கரை ஏறியது. ஜாஸ்லின் பெயரில் பாஸ்டனில் நடக்கும் மையத்தில் பார்பரா ஆண்டர்சன் என்ற உளவியலாளர், பெற்றோரும் பிள்ளையும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் முறையைச் சோதித்து 1999-ல் வெளியிட்டார். பெற்றோர் விலகவும் இல்லை, சண்டையும் குறைந்தது.

பங்கு போடுவது எப்படி என்று நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பார்த்தேன். 1980-களில் என் வகுப்பில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு இந்த நோய். வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் மருந்துக் குப்பியை வைத்திருந்தார்கள். மூன்று நாள் மகாபலிபுரம் சுற்றுலாவுக்கு அவளையும் அழைத்துப் போனேன். அவள் அம்மா எனக்கு முதல் நாளே பாடம் எடுத்தார்கள். நான் ஊசி போடக் கற்றுக்கொடுப்பார்கள் என்று பயந்துகொண்டு போனேன். அவர்களோ, "போடறது எல்லாம் அவ வேலை டீச்சர். நீங்க பக்கத்துல நின்னு கோடு சரியா இருக்கான்னு பார்த்தா போதும்" என்றார்கள். விடுதிச் சமையல்கட்டில் காலை ஆறு மணிக்கு சிரிஞ்சைக் கொதிக்க வைத்தாள். மருந்தை ஏற்றினாள். என் பக்கம் திருப்பி, "கோடு பாருங்க டீச்சர்" என்றாள். பார்த்தேன். "இன்னிக்கு இடது தொடை" என்று சொல்லிப் போட்டுக்கொண்டாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் தோழிகள் இருவர் பையில் கடலை மிட்டாயும் சர்க்கரையும் வைத்திருந்தார்கள், மயக்கம் வந்தால் கொடுக்க.

அந்த அம்மாவிடம் எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டேன். அவர்கள் சொன்னதை என் சொல்லில் தருகிறேன், ஏழு வயதுக்கும் பொருந்தும். வலிக்காது என்று ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. சுருக்கென்று இருக்கும், அஞ்சு எண்ணுவதற்குள் போய்விடும் என்பார்களாம், எண்ணுவது மகளின் வேலை. 'போடலாமா?' என்று கேட்டதில்லை, 'எந்தக் கால்?' என்றுதான் கேட்பது. தூங்கும்போது தெரியாமல் போட்டதில்லை, போட்டால் பிள்ளை தூங்கவே பயப்படும். அழுதால் அழட்டும், அழுததற்குத் திட்டு இல்லை. ஆனால் அரைமணி கெஞ்சலும் இல்லை, சொன்ன நேரத்துக்குப் போட்டாக வேண்டும். முதலில் பஞ்சை எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டும், பிறகு மருந்தை ஏற்றுவது, அதற்கும் பிறகுதான் ஊசி. வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கொடுத்திருக்கிறார்கள்.

உறவுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று எந்தக் குழந்தையையும் மிரட்டாதீர்கள். ஊசி தண்டனை என்று நாமே சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறகு அது மருந்து என்றால் எப்படி நம்பும்? எண் கூடினால் "என்னத்தைத் தின்னே?" என்று கேட்காதீர்கள். சளி, காய்ச்சல் வந்தாலும் கூடும். "பாவம் பிள்ளை" என்று அதன் காதுபடப் பேசாதீர்கள். ஊசியை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து கொடுத்துப் பார் என்று தயவுசெய்து யாரும் யோசனை சொல்லாதீர்கள். டைப் 1 குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இப்போது ஊசி முனை மெல்லியது, பேனா மாதிரி வந்துவிட்டது. தோலில் ஒட்டிவைத்துச் சர்க்கரை பார்க்கும் கருவிகூட இருக்கிறது, விலைதான் எல்லோருக்கும் எட்டுவதில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்வதற்கு மட்டும் வீடுகள் இன்னும் தயங்குகின்றன. வகுப்பு டீச்சருக்குத் தெரியாமல் மறைத்தால், பிள்ளை மயங்கும்போது சர்க்கரை கொடுக்க ஆள் இருக்காது.

மறைப்பதில் எலிஸபெத் ஹியூஸை மிஞ்ச ஆள் இல்லை. படித்தாள், மணந்தாள், பிள்ளைகள் பெற்றாள், 1981-ல் 73 வயதில் மறைந்தாள். வாழ்நாளில் சுமார் 42,000 ஊசி. உலகத்திலேயே முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்ட ஒருசிலரில் ஒருத்தி என்பதை வெளியே சொல்லாமலே வாழ்ந்தாள். அப்பாவைப் பற்றிய ஆவணங்களில்கூடத் தன் நோயைப் பற்றிய குறிப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டாள். இன்சுலினின் வரலாற்றை எழுதிய மைக்கேல் பிளிஸ் அவளைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவள் எழுபதைத் தாண்டியிருந்தாள்.