அரங்களவும் அவையளவும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஆடரங்கிற்குக் கூறப்படும் அளவுகள் தமிழ் பயின்றார் அறிந்தவையே. கோல் 24 விரல் அளவினது, அக்கோலால் அரங்கின் அகலம் 7, நீளம் 8, உயரம் 1, வாயில் இரண்டு, எழினி மூன்று. தூணின் நிழல் அரங்கில் வீழாவண்ணம் விளக்கு நிறுத்துதலையும் அடிகள் மறந்திலர். இத்துணை நுணுகிக் கூறும் அக்காதை, காண்போர் இருக்கைக்கு அளவு கூறவில்லை.

இதனைக் குறையெனக் கொள்ளற்க. சேலம், நாமக்கல் சமவெளியில் தெருக்கூத்து இன்றும் திறந்த வெளியில் நிகழ்கின்றது. ஜேடர்பாளையம் போன்ற காவிரிக்கரை ஊர்களில் வாழ்வார்க்கு அதன் இயல்பு தெரியும். அவை இரவு முழுதும் வளரும், தேயும். நடுச்சாமத்தில் வருவாரும் உண்டு. துயின்று, அபிமன்னன் மடியும் கட்டத்தில் விழிப்பாரும் உண்டு. கட்டியங்காரன் நடந்த கதையை மீளவும் எடுத்துரைப்பது பெரிதும் இவர் பொருட்டே என்பது எம் கருத்து. கூறியது கூறலெனக் கூத்தைப் பழிப்போர் இதனை நோக்கிலர்.

அவைக்கும் அளவு வகுத்த மண்டபம் சென்னையில் எழுந்தது. விசயநகரம் அரசர் ஆனந்த கசபதி 1883-இல் அடிக்கல் நாட்ட, இராபர்ட் சிசோம் வரைந்த வடிவில் நம்பெருமாள் செட்டியார் கட்டியது அது. விக்டோரியா அரசியாரின் 1887-ஆம் ஆண்டுப் பொன்விழாவை ஒட்டி அவர் பெயர் பெற்றது. கீழும் மேலுமாகிய இரு கூடங்களிலும் தனித்தனி 600 பேர் வரை அமர இயன்றது. மரத்தாலாய மேன்மாடத்தில் மேலும் 200 பேர்க்கு இடமிருந்தது.

1891-இல் பல்லாரிக் கிருஷ்ணமாசார்லு குழுவினரின் நாடகத்தைக் கண்ட இளைஞர் பம்மல் சம்பந்தனார், அவ்வாண்டிலேயே சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அச்சபை இம்மண்டபத்தில் நெடுங்காலம் நடித்தது. பாட்டு மிகுந்திருந்த நாடகத்தில் உரைநடை உரையாடல் தலைமை பெற்றது. இதற்கு ஆங்கில நாடகப் பயிற்சியே காரணம் என்பர். அதனை மறுக்கின்றிலம், ஆயினும் சுவருக்கும் பங்குண்டு. ஒரு நேரத்தே வந்து, ஒரு திசை நோக்கி, இறுதிவரை அமர்ந்திருக்கும் அவைக்குக் கதையை மீட்டுரைக்க வேண்டுவதில்லை. நடிகன் தாழ்ந்து பேசினும் சொல் சென்று சேரும். கூத்துக்களத்தின் விளிம்பில் நின்று காணும் உழவர்க்கோ, கட்டணம் வாங்கும் மண்டபத்தில் விளிம்பே இல்லை. சபையின் சிறப்பைப் போற்றும் நூல்கள் இவ்விழப்பைப் போதிய அளவு எண்ணவில்லை.

இதே மண்டபத்தில் 1896-இல் ஸ்டீவன்சன் என்பார் சலனப் படங்களைக் காட்டினார். படத்திற்கு இருளும் சுவரும் இன்றியமையாதன. பின்னர் எழுந்த பெருங்கொட்டகைகளில் அவையளவே முதன்மையாயிற்று. 1952-இல் 2500-க்கும் மேற்பட்ட இருக்கைகளுடன் திறக்கப்பட்டுப் பின்னாளில் இடிக்கப்பட்ட மதுரைத் தங்கம் திரையரங்கின் புகழ் அவ்விருக்கைத் தொகையாலேயே பேசப்பட்டது.