தாய்மாரின் குருதி

விக்டோரியா மகாராணியாரின் வழிவந்த இளவரசர்களைப் பீடித்த குருதி உறையா நோயைப்பற்றிச் சரித்திர நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. ருஷ்ய ஜார் மன்னனின் ஒரே மைந்தனை வாட்டியதும் அந்நோயே. பெண் அதனைச் சுமப்பாள், ஆண் அதனால் வருந்துவான் என்று 1820இல் ஜெர்மானிய வைத்தியர் நாஸே விதி வகுத்தார். அந்த நோயைப் பொறுத்தவரை விதி பெரும்பாலும் சரியே. ஆனால், அதன் நிழலிலே வேறொரு கூட்டத்தார் மறைந்து போயினர். குருதி நில்லாது பெருகிய பெண்களை நோயாளரென எவரும் எண்ணவில்லை. பெண் பிறவியென்றால் அப்படித்தான் என்றனர்.

பின்லாந்தைச் சேர்ந்த ஓலாந்துத் தீவுகளிலே ஒரு குடும்பம். அதிற் பிறந்த ஐந்து வயதுச் சிறுமியை எரிக் வொன் வில்லபிராண்ட் என்ற வைத்தியர் ஹெல்சிங்கியிற் பரிசோதித்தார். அவளுடைய சகோதரியர் சிலர் ஏற்கெனவே குருதி பெருகி மாண்டிருந்தனர். வைத்தியர் அவளோடு நில்லாது சுற்றத்தாரையும் ஆராய்ந்தார். 66 பேருள் 23 பேருக்கு நோய். அவர்களுட் பெண்களே அதிகம். 1926இல் இதனை வெளியிட்டார். ஆயினும் மருந்தேது? பதின்மூன்றாம் வயதில், நான்காவது மாதவிடாயின்போது அச்சிறுமி இறந்தாள். அவள் அரண்மனையிற் பிறந்திருந்தால் நம் சரித்திர பாடநூலிலும் இடம்பெற்றிருப்பாள்!

இந்நோயுடைய பெண் கருவுற்றால், அவ்வைத்தியரின் பெயரால் வழங்கும் உறைதற் புரதம் உடலிலே தானாகப் பெருகுகின்றது. நோய் இலேசானதாயின் கடைசி மூன்று மாதங்களில் அது பெரும்பாலும் சாதாரண அளவை எட்டிவிடும். பிரசவமும் நலமாக முடியலாம். ஆனால், பேற்றின்பின் அப்புரதம் இறங்கி, மூன்று வாரத்துக்குள் பழைய நிலையை அடைகின்றது. ஆகவே, தாய் வீடு திரும்பிய பின்பும் ஆபத்து அவளைத் தொடர்கின்றது. கடுமையான நோயிலோ புரதம் ஏறுவதேயில்லை, ஊசிவழி கொடுக்கவேண்டும். சிசுவுக்கும் நோய் இருக்கலாமாதலின், ஆயுதமிட்டுப் பிள்ளையை எடுப்பதை இயன்றவரை தவிர்ப்பர்.

பேற்றுக் குருதியை நிறுத்தும் மருந்தைத் தேடியவரும் ஒரு பெண்ணே. ஜப்பானிய விஞ்ஞானி உட்டாகோ ஒகமோட்டோ, கணவருடன் சேர்ந்து 1962இல் திரனெக்சாமிக் அமிலத்தை வெளியுலகுக்கு அறிவித்தார். மகப்பேற்று வைத்தியர்களோ அதனைச் சோதிக்க இசையவில்லை. 2017இலேதான், பேற்றின்பின் குருதிப்பெருக்குற்ற ஏறத்தாழ 20,000 தாய்மாரிடம் நடத்திய சோதனையின் முடிவு வெளிவந்தது: மூன்று மணி நேரத்துள் கொடுத்தால் குருதிப்பெருக்கால் நேரும் மரணம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைகின்றது. ஒகமோட்டோ முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். வில்லபிராண்ட் நோயுள்ள தாய்மாருக்கும் இன்று இம்மருந்து பயன்படுகின்றது.

இரத்தப் பரிசோதனைக்கு முன்னரே கேட்கவேண்டிய கேள்விகள் சில உள. மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கும்? பல் பிடுங்கியபோது குருதி நின்றதா? தாய்க்கும் தமக்கைக்கும் பேற்றின்போது என்ன நேர்ந்தது? என் தாயார் எம் நால்வரைப் பெற்றவர். இவற்றை எவரும் தம்மிடம் கேட்டதாக அவருக்கு நினைவில்லை.