வீடே பணியிடமாகும்போது: பீடித் தொழில் முதல் கணினிப் பணி வரை

முன்னுரை

வீட்டிலிருந்தபடியே அலுவலகப் பணியாற்றும் முறை, 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின் விளைவாகவே பெரிதும் கருதப்படுகிறது. ஆயினும், தொலைத்தொடர்பு வழியாகப் பணியாற்றுதல் என்னும் கருத்தை அமெரிக்கரான ஜாக் நில்ஸ் 1973ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். இந்தியாவில், வேலை வீட்டுக்குள் நுழைந்ததால் எழுந்த வழக்குகள் அதனினும் முந்தியவை. பீடித் தொழிலின் சட்ட வரலாற்றைக் கொண்டு, பணியிட மாற்றம் பணிநிலைமைகளை எவ்வாறு பாதிக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இடத்தைச் சார்ந்த சட்டம்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வேலை நேரம், காற்றோட்டம், வார விடுமுறை ஆகிய அனைத்தையும் ஓர் இடத்தோடு பிணைத்தது. மின்விசை பயன்படும் இடத்தில் பத்துப் பேர், பயன்படாத இடத்தில் இருபது பேர் என்பது அதன் பொது வரம்பு. பீடி சுற்றுவதற்கு இயந்திரம் வேண்டுவதில்லை. இலையும் தூளும் நூலும் கத்தரிக்கோலும் போதும். ஆதலின் வேலையை வீடுகளுக்குப் பிரித்தளித்தல் முதலாளிகளுக்கு எளிதாயிற்று. இடத்துக்கும் விளக்குக்கும் ஆகும் செலவு தொழிலாளரைச் சார்ந்தது. உண்டு உறங்கும் அறையிலேயே புகையிலைத் தூசி படிந்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்பதால் வேலை நாளுக்கு முடிவென்பது இல்லாமற்போயிற்று.

1958ஆம் ஆண்டுச் சிந்தாமன் ராவ் வழக்கில், தூள் பெற்றுச் சென்று வெளியே பீடி சுற்றித் தந்த ஒப்பந்தக்காரரும் அவர்தம் கூலியாட்களும் தொழிற்சாலைச் சட்டத்தின்படி தொழிலாளர் ஆகார் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சென்னை மாநிலமும் 1961இல் கேரளமும் தனிச் சட்டங்கள் இயற்றின. எனினும், ஒரு மாநிலத்தில் சட்டம் வந்தால் தொழில் மற்றொரு மாநிலத்துக்கு நகர இயன்றது.

மைய அரசின் சட்டமும் தீர்ப்புகளும்

இந்நிலையில் இயற்றப்பட்டதே 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். மூலப்பொருளைப் பெற்று வீட்டில் பீடி சுற்றுவோரையும் அது 'பணியாளர்' என வரையறுத்தது. கேரளம் இதனை நடைமுறைப்படுத்த முற்பட்டபோது, 1968இல் மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் அங்குத் தன் பணியை நிறுத்தியது. வேலையிழந்தோருக்காக 1969இல் தினேஷ் பீடி கூட்டுறவு அமைப்புத் தோன்றியது. 1974இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என உறுதிசெய்தது.

வருங்கால வைப்பு நிதி தொடர்பான பி.எம். பட்டேல் வழக்கின் 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பு இவ்வரலாற்றில் தலையாயது. தரமற்ற பீடிகளைக் கழித்துத் தள்ளும் உரிமையே முதலாளியின் கட்டுப்பாட்டுக்குச் சான்று என்றும், வீட்டிலிருந்து சுற்றுவோரும் பணியாளரே என்றும் அது உரைத்தது. கட்டுப்பாட்டுக்கு மேற்பார்வையாளர் அருகிருத்தல் இன்றியமையாதது அன்று என்பது இதனால் நிறுவப்பட்டது. ஆயினும், 1966ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த நாளொன்றுக்கு ஒன்பது மணிநேர வரம்பு தொழிற்கூடத்துக்கே உரியதாயிற்று. வீட்டின் வேலை நேரம் அளவைக்குள் வரவில்லை.

கணினிக் காலம்

கணினிப் பணியாளர் மாத ஊதியமும் பணி நியமன ஆணையும் பெறுபவர். பயண நேரமும் அவருக்கு மிச்சமாகிறது. அவரைப் பீடித் தொழிலாளரோடு முற்றும் ஒப்பிடுதல் பொருந்தாது. ஆனால் மின்கட்டணம், இணையம், இருக்கை ஆகியவை குடும்பச் செலவாதலும், வேலை நேரம் இரவுக்குள் நீளுதலும் இருவர்க்கும் பொது. கழிக்கப்பட்ட பீடியின் இடத்தில் இன்று திரையைக் கண்காணிக்கும் மென்பொருள் நிற்கிறது.

2002இல் ஐரோப்பியத் தொழிலாளர், முதலாளர் அமைப்புகள் செய்துகொண்ட உடன்பாடு, தொலைப்பணி விருப்பத்தின்பாற்பட்டது என்றும், கருவிகளை வழங்குதல் பொதுவாக முதலாளியின் கடமை என்றும் வகுத்தது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வீட்டுசார் தொழிலாளரை வரையறுக்கையில் பொருள் உற்பத்தியோடு சேவையையும் சேர்த்தது. எனினும், அமைப்புசாராத் தொழிலாளர் என்னும் வகையிலேயே அவர்களை வைத்தது. இச்சட்டமும், 1966ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் அடக்கிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன.

முடிவுரை

வேலை வீட்டுக்குச் செல்லும்போது முதலாளியின் கட்டுப்பாடு அதனுடன் செல்கிறது. பொறுப்பு மட்டும் பின்தங்குகிறது. கட்டுப்பாடு உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு என்பதை நிலைநாட்டப் பீடித் தொழிலாளர்க்குக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அவர்களுக்கும் கிட்டாத நேர வரம்பே கணினிப் பணியாளர் முன்னுள்ள வினா. அதற்கான விடையைத் தேடுவோர் தொடங்க வேண்டிய இடம் பீடித் தொழிலின் வரலாறே எனலாம்.