பூட்டு வைத்த தொலைக்காட்சிப் பெட்டி

உங்களில் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு இது நினைவிருக்கலாம். ஒரு காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கதவு இருந்தது. மரச்சட்டத்துக்குள் இருபுறமிருந்தும் இழுத்து மூடும் ஷட்டர். நடுவில் ஒரு சிறு பூட்டு. சொலிடேர், டயனோரா என்று சென்னையில் செய்யப்பட்ட பெட்டிகள் பலவும் அப்படித்தான் தெற்கே வந்திறங்கின. 1986ஆம் ஆண்டு எங்கள் வீட்டுக்கு வந்த கறுப்பு வெள்ளைப் பெட்டியின் சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். அல்லது அவர் தமது வேதாகமத்தை வைக்கும் மாடத்தில் இருக்கும். இரண்டும் எங்கள் கை எட்டாத இடங்களே.

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு தாயார் என்னிடம் வந்தார். மகன் கைபேசியைக் கீழே வைப்பதில்லை என்றார். "உங்கள் காலத்தில் உங்கள் பெற்றோர் எப்படி ஐயா கட்டுப்படுத்தினார்கள்?" என்று கேட்டார். எங்கள் பெட்டிக்குப் பூட்டு இருந்தது என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் சொன்னது பாதிப் பதில்தான் என்பது வீடு திரும்பும் வழியில் உறைத்தது. மீதிப் பாதியை இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கியது. அது நாள்தோறும் ஒளிபரப்பாவதற்கே 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தது. ஆனால் அதன் அலைகள் சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. தூத்துக்குடிக் கரையோரத்தில் வாழ்ந்த எங்களுக்கு முதலில் எட்டிய படம் கடல் கடந்து வந்தது. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, வசதியுள்ள சில வீட்டு மாடிகளில் நெடிய இரும்புக் குழாய்கள் எழும்பின. குழாயின் நுனியில் ஆன்டெனாவைக் கட்டி இலங்கையின் திசை நோக்கித் திருப்புவார்கள். மாடியில் ஒருவர் திருப்ப, சன்னலோரம் ஒருவர் கூவ, படம் பாதியும் புள்ளி பாதியுமாய்ச் சிங்களச் செய்தி தெரியும். ஒரு சொல்லும் விளங்காமல் இருபது பேர் அமர்ந்து அதைப் பார்த்திருக்கிறோம்!

அதே 1982இல் இந்தியாவில் வண்ண ஒளிபரப்பும் தேசிய நிகழ்ச்சியும் வந்தன. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி அதற்கு உந்துதலாயிற்று. 1984இல் நாடெங்கும் சிற்றூர்களுக்கும் சிறிய ஒளிபரப்புக் கோபுரங்கள் விரைந்து நிறுவப்பட்டன. அவை டெல்லி நிகழ்ச்சிகளையே அஞ்சல் செய்தமையால், எங்களூர் வீடுகளில் சிங்களத்தின் இடத்தை இந்தி பிடித்துக்கொண்டது. கொடைக்கானல் மலைமேல் பெரிய கோபுரம் வந்த பின்னரே தென்மாவட்டங்களுக்குத் தமிழ் கிடைத்தது. வெள்ளிக்கிழமை "ஒளியும் ஒலியும்", ஞாயிறு மாலைத் திரைப்படம் ஆகியவற்றின் பெருமையை எங்களுக்கு முன்பே சென்னைப் பிள்ளைகள் அறிந்திருந்தார்கள்.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டங்களுக்கு வருகிறேன். மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அதற்குமுன் பெட்டி திறக்கப்படாது. வீட்டுக்கு யாரேனும் வந்தால், எந்த நிகழ்ச்சி ஓடினாலும் அணைக்கப்படும். பார்ப்பவர் சுவரோரம் சாய்ந்து எட்டடி தூரத்தில் அமர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஷட்டர் மூடியிருக்கும். பள்ளி ஆசிரியரான அப்பா வெளியே போய்த் திரும்பினால் செருப்பைக் கழற்றியதும் நேரே பெட்டியின் பின்புறம் போய்க் கையை வைத்துப் பார்ப்பார். சூடு இருந்தால் விசாரணை உண்டு. சாவி அவரிடம் இருக்கும்போது சூடு எப்படி வரும் என்று கேட்பீர்கள். அந்தப் பூட்டு ஒரு கொண்டை ஊசிக்கு இணங்கக்கூடியது என்பதை அண்ணன் கண்டுபிடித்திருந்தான்.

இந்தச் சட்டங்களின் வெற்றி முழுவதையும் அப்பாவின் கணக்கில் எழுதிவிட முடியாது. அன்று ஒளிபரப்பே மாலையில் தொடங்கி இரவில் முடிந்துவிடும். வார நாட்களின் பகலில் கொண்டை ஊசியால் திறந்தாலும் பெரும்பாலும் புள்ளிகளின் இரைச்சலே கிடைக்கும். பெற்றோர் போட்ட வேலிக்கு அரசாங்கத்தின் மதில் முட்டுக்கொடுத்தது. வேறு நாடுகளிலும் இதுவே நிலை. பிரிட்டனில் 1957 பிப்ரவரி வரை மாலை ஆறு முதல் ஏழு மணி வரை ஒளிபரப்பே கிடையாது. சிறு பிள்ளைகளைத் தாய்மார் உறங்க வைப்பதற்காக அந்த ஒரு மணிநேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஐஸ்லாந்தில் 1987 வரை வியாழக்கிழமைகளில் அரசுத் தொலைக்காட்சி ஓடவில்லை. நமது தந்தையரின் கண்டிப்பைப் புகழும்போது, அவர்களுக்கு இருந்த இந்தத் துணையை நாம் மறந்துவிடுகிறோம். இன்றைய பெற்றோரைக் குறைகூறும்போதும் மறந்துவிடுகிறோம்.

1987 ஜனவரி 25, ஞாயிறு. அன்று காலை தேசிய ஒளிபரப்பில் "ராமாயண்" தொடர் தொடங்கியது. அடுத்த வீட்டு ஆச்சிக்கு அதைப் பார்க்க வேண்டும் என்பது பேராவல். எங்கள் தெருவில் பெட்டி இருந்ததோ எங்கள் வீட்டில் மட்டும். அந்நேரம் நாங்களோ ஆலயத்தில். அம்மா தயங்கித் தயங்கி அப்பாவிடம் கேட்டார். அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மாடத்திலிருந்து சாவியை எடுத்து, வீட்டுச் சாவியோடு கோத்து, அம்மாவின் கையில் கொடுத்தார். ஞாயிறு நம்முடைய சட்டம், ஆச்சிக்கு அதில் என்ன பங்கு என்று மட்டும் சொன்னார். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் கீர்த்தனைப் புத்தகங்களோடு படியிறங்கும்போது, ஆச்சி பேரப்பிள்ளைகளோடு படியேறுவார்.

அவ்வாண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, எனக்கு வயிற்றுவலி வந்தது. அன்பானவர்களே, அந்த வலி எப்படிப்பட்டது என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். என்னை உள்ளறையில் படுக்கவைத்துவிட்டு மற்றவர்கள் போனார்கள். ஷட்டர் திறக்கும் ஓசை கேட்டதும் எழுந்து வந்து ஆச்சியின் அருகில் அமர்ந்தேன். ஆச்சிக்கும் இந்தி தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அவருக்குக் கதை தெரியும். திரையில் ஒருவர் வாய் திறக்குமுன்னே அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதை ஆச்சி சொல்லிவிடுவார். அத்தனை இனிமையாக ஒரு கதையை நான் கேட்டதில்லை. ஆராதனை முடியும் நேரம் பார்த்து மீண்டும் போய்ப் படுத்துக்கொண்டேன். தூங்கினாயா என்று அப்பா கேட்டார். தூங்கினேன் என்றேன்.

மாலையில் சாவியைத் திருப்பித் தர வந்த ஆச்சி, ஒன்றும் அறியாதவராய், "பிள்ளையும் எம்பக்கத்துலதான் உக்காந்து பாத்தான், நல்லா கேட்டுக்கிட்டான்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். ஆச்சியும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அடிக்குக் காத்திருந்தேன். அடி விழவில்லை. எனக்கும் அண்ணனுக்கும் ஒரு மாதம் பெட்டி இல்லை என்று தீர்ப்பாயிற்று. அண்ணன் எதற்காகத் தண்டிக்கப்பட்டான் என்பது கொண்டை ஊசிக்கே வெளிச்சம். அதுவரை எல்லாம் தாங்கக்கூடியதாக இருந்தது. அடுத்த ஞாயிறு ஆச்சி வரவில்லை. மழை என்றார். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. முழங்கால் வலி என்றார். தன்னால் ஒரு பிள்ளை பொய் சொல்ல நேர்ந்தது, தன்னால் இன்னொரு வீட்டின் ஒழுங்கு குலைந்தது என்று அவர் எண்ணிக்கொண்டார். பொய் என் வாயிலிருந்து வந்தது. வெட்கம் அவர் வீட்டுக்குப் போயிற்று.

மூன்றாம் சனிக்கிழமை மாலை, ஜெபம் முடிந்ததும் அப்பா சட்டையை அணிந்துகொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு ஆச்சியின் வீட்டுக்குப் போனார். அவர் பிறர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நான் கண்டது அரிது. அன்று அமர்ந்தார். சாவிக்கொத்தை ஆச்சியின் முன்னால் வைத்தார். என்னைப் பேசச் சொன்னார். நான் என்ன பேசினேன் என்பது நினைவில் இல்லை. ஆச்சி என் தலையைத் தடவியது நினைவிருக்கிறது. மறுநாள் காலை நாங்கள் படியிறங்கும்போது அவர் படியேறினார். "ராமாயண்" 1988 ஜூலை இறுதியில் முடிந்தது. அக்டோபரில் "மகாபாரத்" தொடங்கியது. அது நிறைவுற்ற 1990 ஜூன் வரை எங்கள் வீட்டுச் சாவி ஞாயிறுதோறும் ஆச்சியின் முந்தானையில் முடிந்திருந்தது.

பிறகு காலம் வேகமெடுத்தது. 1991இல் செயற்கைக்கோள் அலைவரிசைகள் வந்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. தெருக்கம்பங்களில் கேபிள் வயர்கள் தொங்கின. ஒளிபரப்பு நள்ளிரவிலும் நிற்காது என்றாயிற்று. மதில் விழுந்துவிட்டது, வேலி மட்டும் தனியே நின்றது. வண்ணப் பெட்டி வாங்கக் கடைக்குப் போன அப்பா, ஷட்டர் வைத்த மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். இப்போது அப்படி வருவதில்லை சார் என்று கடைக்காரர் சொன்னார். அம்மா பூவேலை செய்த ஒரு துணி உறையைத் தைத்துப் போட்டார். சில மாதங்களில் அந்த உறை தையல் இயந்திரத்தின்மேல் போய்ச் சேர்ந்தது.

வருகிற ஞாயிறு அந்தத் தாயாரைக் கண்டால் நின்று பேச வேண்டும். பூட்டைப் பற்றி மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆச்சியைப் பற்றிச் சொல்லவில்லை.